பகலில் தூங்குகிறவளின் காய்ச்சல்

1

காலை 6.20. ஆபீஸ் வண்டி ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனையில் என்னை இறக்கிவிட்டபோது முதலில் கண்ணில் பட்டது புகை. தெருவின் பாதி வீடுகள் அதற்குள் மறைந்திருந்தன. புகைக்குள்ளிருந்து முதலில் ஒரு குழாய் வெளிப்பட்டது. பிறகு அந்த இயந்திரத்தைத் தோளில் மாட்டியிருந்த ஆள் வந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைத் தரைப்பக்கம் தாழ்த்தினார்.

"அஞ்சு நிமிஷம் அங்கியே நில்லுங்க மேடம். மூஞ்சில வரும்."

"கொசுவுக்கா?"

"பின்ன ஜாத்ரே திருவிழாவுக்கா? உங்க ரோட்ல ஜ்வரம் ஜாஸ்தி. ரெண்டு வாட்டி அடிக்கச் சொல்லிட்டாங்க."

நின்றேன். பால் வாங்கப் போனவர்களும் நடைக்குக் கிளம்பியவர்களும் துப்பட்டாவாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரவர் இடத்திலேயே நின்றார்கள். அவர்களுக்கு நாள் தொடங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முடிந்துகொண்டிருந்தது. எனக்கு முதுகும் முழங்கால்களும் வலித்தன. இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். இரவு வேலைக்காரர்களிடம் எல்லா வலிக்கும் இந்த ஒரே விளக்கம்தான் உண்டு.

ஊரில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக்காரி. அங்கே ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவள். கணவர் ஸ்டீபனுக்குக் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தபோது பெங்களூருக்கு வந்தோம். இங்கே எனக்குக் கிடைத்தது அமெரிக்கக் கம்பெனிகளின் செய்திகளைத் திருத்தி அனுப்பும் வேலை. அவர்களுடைய பகல் நமக்கு இரவு. வந்த வருஷம் என் மகள் ரினி கைக்குழந்தை. இப்போது பத்தாம் வகுப்பு.

ஒரு மாநிலம் தள்ளி வந்ததைப் புலம்பெயர்வு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் இரவு ரயில் ஏறினால் ஊர் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் என்னுடைய இரவுகள் எல்லாம் விற்கப்பட்டுவிட்டவை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் இடம் பதிவு செய்திருந்தோம். சனிக்கிழமை மாலை அப்பாவின் நினைவு நாள் ஜெபம். கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் இறந்தார். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் என் தம்பி சாம் கல்லறைக்குக் கல் வைத்திருந்தான். கல்லைத் திறக்கும்போது வேதபாகத்தை நான்தான் வாசிக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா இருந்த வார்டுக்குள் யாரையும் விடவில்லை. காலை பத்து மணி வாக்கில் ஒரு நர்ஸ் நோயாளிகளின் போனை வாங்கி, அவர்கள் கேட்கிற எண்ணுக்குப் போட்டுக் கொடுப்பார். அப்பா அம்மாவிடம் பேசினார், தம்பியிடம் பேசினார். என் எண்ணுக்கும் போட்டிருக்கிறார்கள். காலை பத்து மணி எனக்கு நடு இரவு. போன் சத்தமில்லாமல் இருந்தது. எழுந்து பார்த்துத் திரும்ப அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. அன்று ராத்திரி அப்பா போய்விட்டார்.

"அன்னைக்கு நீ பேசல. அவரு காதுல ஒன் சத்தம் விழணும்லா. அதனால நீயே வாசி" என்றாள் அம்மா. 

2

பகலில் தூங்குவது ஒரு கலை. அதற்கு ஒரு வீடே ஒத்துழைக்க வேண்டும்.

எங்களுடையது இரண்டு அறை வீடு. கீழே வீட்டுக்காரி ஃபிலோ அக்கா இருக்கிறார். நாங்கள் மாடியில். ஜன்னல் கண்ணாடிகளில் ஸ்டீபன் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறார். வெளிக்கதவில் அவர் எழுதிய அட்டை ஒன்று தொங்குகிறது: 'இரவு வேலை செய்பவர் உறங்குகிறார். மணி அடிக்காதீர்கள்.' ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. கன்னட வரியை ரினி எழுதினாள். அவளுக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். தமிழில் அவள் எழுதினால் ரகரமும் றகரமும் இடம் மாறி உட்காரும். கன்னடத்தில் எழுத்துகள் முத்து முத்தாக இருக்கும். அட்டையில் அழகாக இருப்பது அந்த வரிதான்.

அறைக்குள் ஒரு ஈரச் சேலை. இதுதான் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வினோதமாக இருக்கும். கொஞ்சம் திறந்து வைத்த ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு பழைய வாயில் சேலையைக் கொடியில் போட்டிருப்போம். அதன் கீழ் ஓரம் தரையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்புத் தண்ணீரில் முங்கியிருக்கும். துணி தானாகவே தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். காற்று அதில் பட்டு வரும்போது அறை குளிர்ந்துவிடும். வெயில் மாதங்களில் தொடங்கியதை மழை வந்த பிறகும் எடுக்கவில்லை. ஈரத்துணி வாசனை இல்லாமல் எனக்குப் பகலில் கண் மூடாது என்று ஆகியிருந்தது.

இது அம்மாவின் ஏற்பாடு. அப்பா நூல் மில்லில் மூணாம் ஷிப்ட் வேலை பார்த்தவர். மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகள். எங்கள் வரிசையில் இருந்த ஆண்கள் பெரும்பாலும் மூணாம் ஷிப்ட். விடியற்காலையில் சங்கு ஊதினால் தலைமுடியில் பஞ்சோடு வருவார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லா ஜன்னலிலும் ஈரச் சேலை விழுந்துவிடும். தூத்துக்குடி வெயிலில் அதன் பின்னால்தான் தூங்க முடியும்.

நான் ஏங்குவது அந்தத் தெருவுக்கு. அந்தத் தெரு முழுவதும் சேர்ந்து தூங்கியது. மீன்காரி முந்தின தெரு வரை கத்திக்கொண்டு வருவாள். எங்கள் தெருவுக்குள் வந்ததும் வாயை மூடிக்கொண்டு வாசல் வாசலாக நின்று, ஜாடையில் "சாளை" என்பாள், "நகரை" என்பாள். ஐஸ்காரன் மணியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வான். நாங்கள் பிள்ளைகள் அடுத்த தெருவில் போய் விளையாடுவோம். அந்தத் தெருப் பிள்ளைகள் எங்களை "ஊமைத் தெருவு வருது" என்று கேலி செய்வார்கள். ஒரு கதவிலும் அட்டை தொங்கவில்லை.

இங்கே அட்டை தேவைப்படுகிறது. குக்கர் விசில், கேஸ் வண்டி, கீழே ஃபிலோ அக்காவின் டிவியில் கன்னட சீரியல், மசூதியின் பாங்கு, சர்ச் மணி, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி. பெங்களூர் ஒருவருக்காகவும் குரலைத் தாழ்த்துவதில்லை. அது அதன் குற்றமில்லை. என் நேரம்தான் ஊரின் நேரத்தோடு ஒட்டவில்லை.

3

அன்று மாலை எழுந்தபோது வலி குறையவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் வண்டியில் ஆறு பேர் வருவோம். ஏசிக்காகக் கண்ணாடிகள் மூடியிருக்கும். அந்த வாரம் வண்டிக்குள் மூன்று பேர் இருமினார்கள். யாரும் லீவு போடவில்லை. இரவு ஷிப்டில் ஆள் குறைந்தால் மாற்று ஆள் கிடைப்பது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். கொரோனா நாட்களிலும் இப்படித்தான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி வெறிச்சோடிய சாலைகளில் போவோம். தடுப்பூசி முகாம் பகல் பதினோரு மணிக்கு இருக்கும். தூங்காமல் போய் வரிசையில் நின்றவர்களும் உண்டு, தூங்கிவிட்டுத் தவறவிட்டவர்களும் உண்டு. நோய்க்காலத்தின் ஏற்பாடுகள் எல்லாம் பகலில் விழித்திருப்பவர்களுக்காகச் செய்யப்படுகின்றன.

செவ்வாய்க்கிழமை வண்டியிலிருந்து இறங்கும்போது கால் மடங்கியது. ஸ்டீபன் பள்ளிக்கு அரை நாள் சொல்லிவிட்டு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டர் இளைஞர், மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார்.

"காய்ச்சல் எப்பத்துல இருந்து?"

"ஞாயிற்றுக்கிழமை" என்றேன்.

"அப்ப இது மூணாவது நாள்." சீட்டில் எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டெங்கு என்று வந்தது.

"நைட் ஷிப்ட்தான் காரணமா டாக்டர்?" என்று கேட்டேன். பழைய பத்திரிகைப் பழக்கம்.

"அப்படி நான் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டா உடம்போட எதிர்ப்பு குறையும், அது வேற விஷயம். உங்கள கடிச்சது கொசு. ஷிப்ட் வந்து கடிக்கல." பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "கொசுவுக்கு மெஷின் வெக்கிறீங்களா?"

ஸ்டீபன் நிமிர்ந்து உட்கார்ந்து, "தவறாம வைக்கிறோம் டாக்டர். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு, காலையில ஆஃப் பண்ணிடுவேன்" என்றார்.

"மேடம் எப்ப தூங்கறாங்க?"

"பகல்ல" என்றார் ஸ்டீபன்.

"இந்தக் கொசு பகல்ல கடிக்கிறது சார்" என்றார் டாக்டர். "தண்ணி நிறையக் குடிங்க. தினம் ரத்தம் பாக்கணும். காய்ச்சல் விட்டதும் சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க. அந்த நேரத்துலதான் சிலருக்கு ரத்தத்துல தட்டணு, பிளேட்லெட் இறங்கும். ஏழாவது நாள் தாண்டட்டும்."

நான் மனதுக்குள் எண்ணினேன். ஞாயிறு முதல் நாள் என்றால் சனிக்கிழமை ஏழாவது நாள். ஜெபம் சனிக்கிழமை மாலை.

அலுவலகத்துக்கு லீவு சொன்னதில் ஒரு கூத்து. அவர்களுடைய கணினியில் என் ஷிப்ட் தொடங்குகிற தேதிதான் கணக்கு. ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டினாலும் அங்கே நாள் மாறாது. ஆஸ்பத்திரிச் சீட்டிலோ பன்னிரண்டு மணிக்கு நாள் மாறிவிடும். எச்.ஆரில் இருந்த பெண் போன் செய்து, "மேம், உங்க சர்டிஃபிகேட்ல ஒரு நாள் மேட்ச் ஆகல" என்றாள். காய்ச்சலோடு படுத்துக்கொண்டு எது இன்று, எது நேற்று என்று அவளுக்கு விளக்கினேன். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது மேம்" என்றாள்.

4

வியாழக்கிழமை பகலில் வாசல் மணி அடித்தது. அட்டை தொங்க ஆரம்பித்த பிறகு பகல் நேரத்தில் அந்த மணியை நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்குப் போகாமல் இருந்த ரினி கதவைத் திறந்தாள்.

சுகாதாரப் பணியாளர் சரோஜம்மா. ரோஸ் நிறப் புடவை, தோளில் பை, கையில் டார்ச். டெங்கு என்று உறுதியான வீடுகளுக்கு வர வேண்டும் என்பதால் வந்திருந்தார். பின்னாலேயே ஃபிலோ அக்கா பப்பாளி இலைச் சாறோடு படியேறி வந்தார்.

"மூணு வாட்டி வந்தேன் மேடம்" என்றார் சரோஜம்மா, பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக. "போர்டு நோடி, பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். ராத்திரி பூரா கெலசா பண்ணிட்டுத் தூங்கறவங்கள எழுப்ப மனசு வரல. பூட்டுன வீடுன்னு எழுதிட்டேன்."

கதவு நிலையில் சாக்பீஸால் அவர் போட்ட பெருக்கல் குறி இருந்தது. உள்ளே பார்க்க முடியாத வீடு என்று அதற்குப் பொருளாம். ஏதோ பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்திருந்தோம்.

"இந்தப் போர்டு யார் எழுதினது? கன்னடம் சென்னாகிதே, அழகா இருக்கு."

"நான்தான்" என்றாள் ரினி.

"மூணு பாஷையில எழுதியிருக்கே. கொசு பாஷையில எழுதாம விட்டுட்டியே."

ஃபிலோ அக்கா சிரித்தார். சரோஜம்மா குளியலறை வாளிகளைப் பார்த்தார், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டைப் பார்த்தார், மொட்டைமாடி டிரம்முக்கு மூடி இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு என் அறைக்குள் வந்தார். கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தார். சேலையை ஒரு விரலால் தூக்கி, டார்ச்சை டப்புக்குள் காட்டினார். சேலையை விட்டார். மறுபடி தூக்கினார்.

"பாப்பா, இங்க வா. நீயே பாரு."

ரினி குனிந்து பார்த்தாள். வெளிச்சம் பட்டதும் தண்ணீரில் சின்னச் சின்ன நூல்துண்டுகள் நெளிந்துகொண்டு அடிக்குப் போயின. நான் கட்டிலில் படுத்தபடியே பார்த்தேன். என் தலையணைக்கும் டப்புக்கும் நடுவில் ஒரு கை தூரம்.

"எதுக்கு இது?" என்றார் சரோஜம்மா.

"ஜில்லுனு இருக்க. அம்மாவோட ஊர் பழக்கம்" என்றாள் ரினி. 'நம்ம ஊர்' என்று அவள் சொல்லவில்லை என்பதைக் காய்ச்சலிலும் கவனித்தேன்.

"தண்ணிய மாத்தவே மாட்டீங்களா?"

ஸ்டீபன் தினமும் காலையில் பள்ளிக்குப் போகுமுன் குறைந்த அளவுக்கு மேலே மேலே ஊற்றி நிரப்பிவிடுவார். நான் படுப்பதற்குள் சேலை ஈரமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய அக்கறை. பழைய தண்ணீரைக் கொட்டுவதில்லை. காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கோடையில் டாங்கர் லாரிக்கு அலைந்த தெரு இது.

ஃபிலோ அக்கா உடனே, "நான்தாம்மா தண்ணிய வீணாக்காதீங்கன்னு சொல்லினு இர்ந்தேன். கொசு வளக்கச் சொல்லல" என்றார். அவருடைய பேரனுக்கும் அந்த வாரம் காய்ச்சல். இலைச்சாற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "குடி. கசக்கும், ஒரே மூச்சுல குடி" என்றார்.

சரோஜம்மா டப்பை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் கவிழ்த்தார். ரினி சேலையைக் கொடியிலிருந்து உருவினாள். கறுப்புக் காகிதத்தையும் கிழித்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த அறைக்குள் பகல் வந்தது. சுவரில் நாங்கள் வெள்ளை என்று நினைத்திருந்தது இளம்பச்சை.

5

அந்த வாரத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் எழுத வேண்டும். நான் ராத்திரியில் வீட்டில் இருந்தேன்.

வாரக் கடைசிகளில் இருப்பதுண்டு. ஆனால் அப்போது உடம்பு விழித்துக்கொண்டே கிடக்கும். காய்ச்சல் அதைத் தட்டி வீழ்த்தியிருந்தது. ரினி தன் பாயைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். அவள் தூக்கத்தில் கன்னடத்தில் பேசுகிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. யாரிடமோ "பேடா, பேடா" என்றாள். வேண்டாம் என்று மறுக்கிறாள். எதை என்று தெரியவில்லை.

மில் லைனில் ஒரு முறை விஷக்காய்ச்சல் பரவியது. எனக்கு அப்போது ரினியைவிடச் சின்ன வயது. ஜுரத்தோடு வேலைக்குப் போனவர்களால் டிபார்ட்மென்ட் முழுக்கப் பரவி, ஆள் போதாமல் மூணாம் ஷிப்டை ஒரு வாரம் நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியும் அப்பா கிளம்பவில்லை. சாப்பிட்டுவிட்டு எங்களோடு படுத்தார். நானும் சாமும் ஆளுக்கொரு பக்கம். பக்கத்து வீட்டில் ஆள் சாகக் கிடந்தது. அம்மா பயந்துபோய் வேப்பிலைப் புகை போட்டுக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. அப்பாவின் மூச்சு எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே தூங்கினோம்.

அவருக்குத் தூக்கம் வரவில்லை. லைனில் யாருக்கும் வரவில்லை. ஒவ்வொருவராக வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, உள்ளே பெண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பதால் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஷிப்ட் தொடங்கியது. அந்த ஏழு இரவுகளைத் தவிர, அப்பா வேலையில் இருந்த காலத்தில் அவர் பக்கத்தில் நான் படுத்ததாக நினைவில்லை.

ரினி இந்த வாரத்தை எப்படி நினைவு வைத்துக்கொள்வாள் என்று தெரியவில்லை.

6

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. பசித்தது. இரண்டு இட்லி தின்றேன். ஸ்டீபன் எதுவும் சொல்வதற்கு முன் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். வெள்ளைச் சேலை, வேதப்புத்தகம், அம்மாவுக்கு வாங்கிய முழங்கால் தைலம்.

"ஏழு நாள் தாண்டணும்னு டாக்டர் சொன்னாரு" என்றார் ஸ்டீபன்.

"இன்னைக்கு ஆறு. நாளைக்கு ஏழு. நாளைக்கு முழுக்க ரயில்லயும் வீட்லயும் உக்காந்துதான இருக்கப் போறேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு மாமனாரின் அந்தத் தவறிய போன் தெரியும். எத்தனை நாள் அந்தப் போனை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்பதும் தெரியும். "நீயே முடிவு பண்ணு" என்றார்.

ரினி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆறு இல்ல, அஞ்சு" என்றாள்.

"ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சுட்டுது ரினி."

"மா, சண்டே மத்தியானம் நீ பிரியாணி சாப்பிட்ட. தலைக்குக் குளிச்ச. நல்லாதான் இருந்த. வேலைக்குப் போன அப்புறம்தான் நம்ம வீட்டு குரூப்ல மெசேஜ் போட்டிருக்க." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'உடம்பு ரொம்ப வலிக்குது. வீட்டில் மாத்திரை இருக்கா?' கீழே திங்கட்கிழமை என்றிருந்தது. அதிகாலை இரண்டு மணி.

எனக்கு அது ஞாயிறுதான். ஞாயிறு இரவு கிளம்பிப்போய், திங்கள் காலை வந்து தூங்கி எழும்வரை எனக்கு ஞாயிறு முடிவதில்லை. டாக்டர் கேட்டபோதும் அந்தக் கணக்கில்தான் சொன்னேன். எல்லா இரவு வேலைக்காரர்களும் அப்படித்தான் சொல்வோம். செய்தியில் தேதி தவறினால் அடுத்தவரைக் கடிந்துகொள்கிற வேலையில் இருப்பவள் நான்.

"அப்ப நாளைக்கு ஆறுதான்" என்றாள் ரினி. "ரயில்ல ஏதாவது ஆனா என்ன பண்ணுவ? செயின் புடிச்சு இழுப்பியா?"

அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது. நான் எடுக்குமுன் ரினி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். அம்மாவிடம் சளி என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவியல்லா? நகரை மீனு சொல்லி வச்சிருக்கேன்."

"அஜ்ஜி, அம்மாக்கு டெங்கு."

வழக்கமாக 'அஜ்ஜி' என்றால் அம்மா சண்டைக்கு வருவாள். "நான் என்ன கன்னடத்தியா, ஆச்சின்னு கூப்பிடுட்டி" என்பாள். அன்று அவளுக்குப் பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"ஏ எஸ்தரு, இருக்கியா?"

"இருக்கேம்மா. காய்ச்சல் விட்டுட்டு."

"சன்னல்ல சேலை போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"சட்டித் தண்ணிய அன்னன்னைக்குக் கொட்டுனியா?"

"இல்லம்மா. இங்க தண்ணி கஷ்டம். ஊத்தி ஊத்தி நிரப்புனோம்."

"நம்ம லைன்ல மட்டும் என்ன ஆறா ஓடிச்சு? அந்தத் தண்ணியிலதான நான் சாயங்காலம் வாசல் தெளிப்பேன்." குரல் கொஞ்சம் தணிந்தது. "கொசுவெல்லாம் எனக்கு என்ன தெரியும். நாத்தம் புடிச்சிரும்னு கொட்டுவேன். ஒங்கிட்ட சொன்னேனா, சொல்லலியான்னு நெனவில்ல."

"நீ சொல்லிருப்ப. நான் தூங்கிருப்பேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ வராத."

"நீதானம்மா நான் வாசிக்கணும்னு சொன்ன. ரெண்டாந் தடவையும் நான் இல்லன்னா..."

"சொன்னேன். அன்னைக்கு ஒங்கப்பா கூப்பிட்டப்ப நீ தூங்குன. அதுக்கு அழுதுக்கிட்டே கெடந்த. நானும் அதையே சொல்லிக் காட்டிட்டேன். அந்த மனுசன் ஆயுசுபூரா பகல்ல தூங்குனவருல்லா. எம்மவ தூங்குதான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். இப்பவும் தூங்குன்னுதான் சொல்லுவாரு. படு."

போனை வைத்துவிட்டாள். அம்மா எப்போதும் அப்படித்தான், சொல்ல வேண்டியது முடிந்தால் வைத்துவிடுவாள்.

கீழே காய்கறி வண்டி கத்திக்கொண்டு போனது. நான்தான் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை வெளியே எடுத்தேன். ஸ்டீபன் டிக்கெட்டை ரத்து செய்யப் போனார். ரினி தைலத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, "இத கொரியர்ல அனுப்பலாமா?" என்று கேட்டாள். "அனுப்பலாம்" என்றேன்.

7

சனிக்கிழமை விடியுமுன் வயிற்றில் வலி தொடங்கியது. இரண்டு முறை வாந்தி. எழுந்து நின்றபோது தரை சரிந்தது. ஃபிலோ அக்காவின் மகன் ஆட்டோ கொண்டுவந்தான். நாங்கள் போகவிருந்த ரயில் அந்த நேரத்தில் மதுரையை நெருங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றி, பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். தட்டணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்காது, பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சீட்டில் இருந்த 'ஏழாவது நாள்' என்பதை ஸ்டீபன் சொல்லித் திருத்த வைத்தார். வார்டில் எனக்கு இருபுறமும் காய்ச்சல்காரர்கள். இடதுபக்கம் சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். வலதுபக்கம் ஓர் இளம்பெண், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க அப்படியே வந்து படுத்திருந்தாள். எந்த ஷிப்ட் என்று கேட்டேன். "நைட்தான்க்கா" என்றாள். ஞாயிறா திங்களா என்று நர்ஸ் அவளிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சாம் ஒரு படம் அனுப்பினான். கறுப்புக் கல்லில் அப்பாவின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. அதை வெள்ளைத் துணியால் மூடுவதற்கு முன் எடுத்த படம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை.

பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியவில்லை. போன் ரினியிடம் இருந்தது; அவள் என்னை எழுப்பவில்லை.

ஐந்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் தொடங்கியது. வேதபாகத்தைச் சாம் வாசித்தான்.